சும்மா நிற்கும் வரி

அந்த மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. மெஷினைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். துணிக்குச் சாயம் போடுகிற எங்கள் டையிங்கிலும் சிரித்தார்கள். ஆனால் நீங்களே சொல்லுங்கள், தண்ணி லாரி டேங்க் அளவுக்கு ஒரு பழைய இரும்புப் பானை, உடம்பெல்லாம் சொறி பிடித்த மாதிரி உப்புக் கறை, மூடி மட்டும் பளபளவென்று புது பெயின்ட். மூடிக்கு மட்டும் ஏன் புது பெயின்ட் என்று ஒருத்தராவது கேட்டோமா? கேட்கவில்லை. கிரேன் வாடகை ஏறிக்கொண்டிருந்தது, இறக்குவதில்தான் எல்லோருக்கும் கண்.

மூடியைத் திறக்கும் சக்கரத்தில் சிவப்புக் கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சாயமும் எண்ணெயும் ஏறி, பாதி கறுத்துப்போன கயிறு. என் வீட்டுக்காரர்தான் அந்த மெஷினுக்கு ஆபரேட்டர். இடுப்பில் சொருகியிருந்த சேம்பிள் கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டிப் போட்டார்.

"எவனோ மெஷினுக்குக் காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு மந்திரிச்சுக் கட்டியிருக்கான் ளா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இரண்டு பேருடையதும் தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். கயிறு, தாயத்தெல்லாம் எங்கள் வீட்டு வாசல்படி ஏறாது. நானும் சிரித்தேன்.

அதுவரைக்கும் எங்கள் டையிங்கில் காட்டன் மட்டும்தான். காட்டன் துணிக்குச் சாயம் ஏற்றக் கொதிக்கக்கூட வேண்டாம். ஆபரேட்டர் நினைத்த நேரத்தில் சின்ன மூடியைத் திறந்து, ஓடுகிற துணியை இழுத்து, ஒரு துண்டு வெட்டி லேபுக்குக் கொண்டுவருவார். நிறம் சரியா என்று பார்த்துச் சொல்வோம். இந்த ஊரில் எந்த டையிங்கிலும் அதுதான் பழக்கம். பஸ்ஸர் அடித்தால் மூடியைத் திற, வெட்டு, ஓடு. கைக்கே தெரியும், மூளையைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டு டீ-ஷர்ட் ஆர்டர்கள் வர ஆரம்பித்ததும் பாலியஸ்டர் வந்தது. பாலியஸ்டர் கொதிநிலையைத் தாண்டி, நூற்று முப்பது டிகிரியில், பிரஷர் குக்கர் மாதிரி மூடிய பானைக்குள் அழுத்தத்தில் வெந்தால்தான் சாயத்தை வாங்கும். அதற்குத்தான் இந்த செகண்ட் ஹேண்ட் பானையை முதலாளி வாங்கினார்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். லேபில் இருந்தேன். மெஷினுக்கு புரோகிராம் போடுகிற வேலையும் என் தலையில்தான். எந்த வரியில் தண்ணீர் ஏறணும், எதில் சூடு ஏறணும், எத்தனை நிமிடம் நிற்கணும், எப்போது பஸ்ஸர் அடிக்கணும் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால் மெஷின் அப்படியே செய்யும். ஸ்கிரீனைப் போட்டுப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. அத்தனையும் சீன எழுத்து.

"மேனுவல் எங்கங்க?" என்று புரோக்கரைக் கேட்டேன்.

"மேனுவல் இல்லீங்க. மெஷின் ஓடுமுங்க, அது போதாதுங்களா?" என்றார் அவர்.

செய்த கம்பெனிக்கு மெயில் போட்டோம். திரும்பி வந்துவிட்டது. கம்பெனியே இல்லையாம். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். அது ஒரு வரிக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அர்த்தம் சொன்னது. போனைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டேன். எனக்கு முன்கோபம் உண்டு, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கடைசியில் கண்ணையும் காதையும் வைத்துத்தான் கற்றுக்கொண்டோம். வேலை நாளில் மெஷினைச் சோதனைக்கு விடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நேரே டையிங்குக்கு. வாட்ச்மேனைத் தவிர ஆளிருக்காது. நான் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வரியைப் போட்டு ஓடவிடுவேன். அவர் மெஷினைச் சுற்றி ஓடி ஓடி ஒவ்வொரு பைப்பிலும் கை வைத்துப் பார்ப்பார்.

"இது அதிருதுட்டி! தண்ணி ஏறுது!"

"எந்தப் பக்கம்?"

"பீச்சாங்கைப் பக்கம்!"

"உங்க பீச்சாங்கையா, மெஷினு பீச்சாங்கையா?"

"ஏட்டி, மெஷினுக்கு ஏது கை!"

அப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தோம். எழுத்துகளுக்கு நானே பெயர் வைத்தேன். சூடு ஏற்றும் வரியில் இருப்பது சீப்பு. தண்ணீரை வெளியே விடுவது கோழிக்கால். பஸ்ஸர் அடிப்பது நாற்காலி. அவரும் அதையே பழகிக்கொண்டார். சோறு தின்னும்போதுகூட, "நாற்காலிக்கு முன்ன சீப்பு எத்தனை நிமிசம் போட்டே?" என்று கேட்பார். என் மாமியார் போனில் இதைக் கேட்டுவிட்டு, ரெண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

ஒரு வரி மட்டும் பிடிபடவில்லை. கை இரண்டையும் தொங்கப்போட்டு ஒரு ஆள் நிற்கிற மாதிரி அதன் எழுத்து. அதை ஓட விட்டால் எந்தப் பைப்பும் அதிராது, மோட்டார் சுற்றாது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்து அடுத்த வரிக்குப் போய்விடும். மூன்று ஞாயிறு பார்த்தோம்.

"ஒண்ணும் செய்ய மாட்டேங்கான். சும்மா நிக்கான். விடு" என்றார் அவர்.

நிக்கிற ஆளு என்று பெயர் வைத்தேன். ஆனால் விட மனசு வரவில்லை. மெஷினோடு கூடவே பழைய புரோகிராம்கள் சில வந்திருந்தன. அவற்றைப் புரட்டினால், குறைந்த சூட்டில் ஓடுகிற புரோகிராம் எதிலும் இந்த ஆளைக் காணோம். நூற்று முப்பது டிகிரி போகிற எல்லாவற்றிலும், பஸ்ஸருக்கு ஒரு வரி முன்னால் வந்து நிற்கிறான். ஒன்றில்கூடத் தப்பவில்லை. சும்மா நிற்கிறவனை எதற்கு இத்தனை ஒழுங்காக ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்? புதிதாக புரோகிராம் எழுதும்போதெல்லாம் அவனையும் அதே இடத்தில் நிறுத்தினேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெஷினில் அழுத்தம் காட்டுகிற மீட்டர் உடைந்திருந்தது. கண்ணாடியே இல்லை, முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையானவர். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

"வாங்கி மாட்டிப்போடலாங் கண்ணு" என்றார்.

அடுத்த வாரம் கேட்டேன். "மாட்டிப்போடலாங் கண்ணு." அதற்கடுத்த வாரமும் அதே சிரிப்பு, அதே கண்ணு. இல்லை என்று சொல்கிற ஆளோடு சண்டை போடலாம். இப்படிச் சொல்கிறவரோடு என்ன செய்வது?

முதல் பாலியஸ்டர் லாட், ஒரு பானைத் துணி, ஓடியது. சூடு ஏறியது, நின்றது, இறங்கியது. ஸ்கிரீனில் எண்பது டிகிரி காட்டியது. அப்புறம் நிக்கிற ஆளு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைத் தண்ணீரில் கண் சிமிட்டும் நேரத்தில் போனவன், இப்போது வந்து நின்றான், நின்றான், போகவே இல்லை. டீ வாங்கிவரப் போன பையன் திரும்பி வந்து, டீ குடித்து முடித்த பிறகுதான் பஸ்ஸர் அடித்தது. என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து துண்டு வெட்டினார். ஒன்றும் ஆகவில்லை. துணியும் நல்ல நிறம்.

புரொடக்ஷன் மேனேஜர் உள்ளூர்க்காரர், முதலாளிக்குச் சொந்தம். நல்ல பையன்தான், ஆனால் காலில் சக்கரம் கட்டினவர். ஷிப்மென்ட், ஷிப்மென்ட் என்று உயிரை வாங்குவார்.

"ஏனுங்க மேடம், சூடு எண்பதுக்கு வந்துருச்சு. பொறகு எதுக்குங்க சும்மா நிக்குது?"

"தெரியாது சார்."

"தெரீலீன்னா எடுத்துப்போடுங்க. ஒரு நாளைக்கு ஒரு லாட் சேத்தி எடுக்கலாமுங்க."

"தெரியாததுனாலதான் சார் எடுக்க மாட்டேங்கேன். எதுக்கு நிக்கிதுன்னு தெரிஞ்சா நானே எடுத்திருப்பேன்."

"காட்டன்ல இப்புடி எல்லாம் நிக்கறதில்லீங்க."

"உள்ள போகப் போறது உங்க கையா சார்? என் வீட்டுக்காரர் கை" என்றேன். லேபில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. போகும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "நீங்க லீவு போடற அன்னைக்கு நானே எடுத்துப்போடறனுங்க" என்று. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்து அவருக்கும் வரியை எடுக்கவும் போடவும் தெரிந்திருந்தது. சீப்பு, கோழிக்கால் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"நீ மூணு மாசமா அந்த ஆளையே நெனைச்சிட்டிருக்கே. எனக்குப் பொறாமையா இருக்கு பாத்துக்க."

"சிரிக்காதீங்க. பஸ்ஸர் அடிச்சாலும் அவன் நின்னானான்னு பாத்துட்டு மூடியில கை வையுங்க."

"சரி தாயே."

சரி என்பார். ஆனால் பஸ்ஸர் அடித்தால் அவர் கை தானாகச் சக்கரத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷக் காட்டன் பழக்கம், சொன்னால் கேட்குமா?

பொறுக்க முடியாமல், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மெஷின் முன்பு இருந்த இடம் அவிநாசிபாளையத்துக்குப் பக்கம் என்று புரோக்கர் வாயிலிருந்து ஒருவழியாகப் பிடுங்கியிருந்தேன். அங்கே மேனுவல் ஏதாவது மூலையில் கிடக்காதா என்று ஒரு நப்பாசை. போய்ப் பார்த்தால் கேட்டுக்குச் சங்கிலி. உள்ளே ஷெட்டெல்லாம் காலி, தரை மட்டும் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. வேப்பமரத்தடியில் ஒரு வாட்ச்மேன் கட்டிலில் படுத்திருந்தார். முன்னால் அங்கேயே ஹெல்ப்பராக இருந்தவராம்.

"மேனுவலுங்களா? காயிதம் பூராவும் எடைக்குப் போட்டாச்சுங்க" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பெரிய பானைங்களா நீங்க வாங்குனது? மூடியில செவப்புக் கவுறு கட்டியிருக்குமே?"

"இருந்துச்சு. வெட்டிட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அத வெட்டியிருக்க வேண்டாமுங்க. அங்க ஆபரேட்டரா இருந்த ஆளு கட்டுனது. மூடி தொறக்கறப்ப ஆவி அடிச்சு, மொகமெல்லாம் வெந்து போச்சுங்க. பொழச்சு வந்து, வேலைய விட்டுப் போற அன்னைக்கு அவரே கட்டீட்டுப் போனாரு. இனி அது முன்னால நிக்கற ஒருத்தனுக்கும் இப்புடி ஆகக் கூடாதுன்னு."

"எப்படி அடிச்சது?"

"கீழ பைப்புல சூடு கொறஞ்சிருமுங்க. மேல துணி கெடக்கற எடத்துல அழுத்தம் அப்புடியே நிக்கும். ஸ்கிரீனு எண்பதுன்னு பொய் சொல்லும். அந்த ஆளு அடிபட்ட பொறகுதான் கம்பெனிக்காரன் வந்து புரோகிராம்ல நடுவுல ஒண்ணு போட்டுக் குடுத்தான். அழுத்தம் பூராவும் எறங்கற வரைக்கும் மெஷின் சும்மா நிக்குமுங்க. பாத்திருப்பீங்களே?"

பச்சைத் தண்ணீரில் ஏது அழுத்தம்? இறக்குவதற்கு ஒன்றுமில்லாததால் அந்த ஆள் உடனே விலகிப்போயிருக்கிறான். நாங்களோ அவனைச் சோம்பேறி என்று நினைத்திருக்கிறோம். இது புரிந்த அடுத்த நொடி எனக்கு மேனேஜரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. நான் லீவு போட்டிருக்கிறேன்.

மேனேஜருக்குப் போன் அடித்தேன். கட் பண்ணினார். மறுபடி அடித்தேன். மறுபடி கட். என் வீட்டுக்காரர் போன் செக்யூரிட்டி டப்பாவில் இருக்கும். ஆபரேட்டர்களை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். லேப் போனை யாரும் எடுக்கவில்லை. முதலாளிக்கு அடித்தேன். உடனே எடுத்தார்.

"ஐயா, அந்த வரிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க, மூடியத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க!"

"பாத்துப்போடலாங் கண்ணு. பதட்டப்படாதீங்க. நானு வெளிய ஒரு விசேசத்துல இருக்கறேன், வந்ததும் பேசறேன்" என்றார் அதே மரியாதையோடு.

அன்றைக்கு ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். கர்த்தரே, கர்த்தரே என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு லாரிக்காரன் திட்டினான். நானும் திட்டினேன். வண்டியை கேட்டிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு, தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே ஓடினேன். ஷெட்டுக்குள் கால் வைக்கும்போதே ஸ்கிரீன் கண்ணில் பட்டது. எண்பது டிகிரி. எண்பது வந்ததும் நிக்கிற ஆளு வர வேண்டும். அவன் வரவில்லை. அதற்குப் பதிலாக பஸ்ஸர் அடித்தது.

என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் மூடிக்கு நேராக இருந்தது. கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கையிலிருந்த ஹெல்மெட்டை முழு பலத்தோடு அவர் முதுகைப் பார்த்து வீசினேன். பட்டது. "எவன்லே அது" என்கிற மாதிரி முகத்தைத் திருப்பினார். வலது கை சக்கரத்தை விட்டது. இடது கை விடவில்லை.

மூடி அப்போதுதான் திறந்துகொண்டது. ஷெட்டே வெள்ளையாகிவிட்டது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. வெள்ளைக்குள்ளிருந்து அவர் அலறியதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று அதில்தான் தெரிந்தது.

இடது கை முழங்கை வரைக்கும், தோள், கழுத்தில் ஒரு பக்கம். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தார். "எண்பதுதானுங்க காட்டுச்சு, எண்பதுதானுங்க காட்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், ஒன்றுக்கும் இன்றைக்கு வரைக்கும் வருத்தமில்லை. முதலாளியும் வந்தார். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். "நல்ல நேரங் கண்ணு, மொகத்துக்கு ஆகுல" என்றார். மறுநாளே மெஷினில் புது மீட்டர் வந்துவிட்டதாம். கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டுப் பிரித்த பிறகு என் வீட்டுக்காரர் முதலில் பேசியதே கேலிதான். "ஹெல்மெட் உசுரைக் காப்பாத்தும்னு போலீஸ்காரன் சொல்லுதது நெசந்தான் போல" என்றார். நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். இடது கை விரல்கள் மடங்கவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த மெஷின் முன்னால் நிற்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளி விற்றுவிட்டார். அதே புரோக்கர்தான். ஏற்றுவதற்கு முந்தின நாள், துணி ரோலில் எழுதுகிற மார்க்கரை எடுத்து மூடி மேலேயே பெரிதாக எழுதினேன்: சூட்டு புரோகிராமில் பஸ்ஸருக்கு முந்தின வரியை எடுக்காதீங்க, எடுத்தால் ஆள் செத்துப்போவான். காலையில் போய்ப் பார்த்தால் மூடிக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. வாங்குகிறவர் யார், எந்த ஊர் என்று புரோக்கரைக் கேட்டேன். கை மாறிக் கை மாறிப் போவதால் அவருக்கே தெரியாதாம். நீங்களாவது வாங்குகிறவரிடம் சொல்லுங்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "சொல்லீர்றனுங்க, சொல்லீர்றனுங்க" என்று போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். சிவப்புக் கயிறு. நான் அப்படியே நின்றுவிட்டேன். பைபிளைத் தவிர வேறொன்றையும் நம்பாத மனுஷன்.

"எங்க வாங்குனீங்க?"

"மாரியம்மன் கோயில் முன்னால. பூசாரி தந்தாரு." என்னை நேராகப் பார்க்கவில்லை. "எழுதுனா பெயின்ட் அடிச்சிருதான். இதையாச்சும் பாத்து ஒருத்தன் கேப்பாம்லா, யாரு கட்டுனது, எதுக்குன்னு. நாம கேக்காமப் போயிட்டோம்."

ஒரு கையால் முடிச்சு இறுக்க வரவில்லை. "நீ ஒரு முனையைப் பிடி ளா" என்றார். நான் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தில் இறுக்கிக் கட்டினோம். நான் ஜெபம் பண்ணினேன். அவரும் பண்ணியிருப்பார்.

அவர் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட ஆபீசுக்குள் போயிருந்தார். மெஷினை லாரியில் ஏற்றிவிட்டு, சக்கரத்துக்குள் வடம் நுழைத்துக் கட்டினார்கள். வடம் நுழையக் கயிறு தடையாக இருந்தது. லோடுமேன் பையன் ஒருத்தன் பிளேடை எடுத்து ஒரே இழுப்பில் அதை வெட்டிக் கீழே போட்டான்.

"டேய்!" என்று கத்தினேன். அவன் வடக்கத்திப் பையன், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வடத்தை இழுத்தான். லாரி கிளம்பிப் போய்விட்டது. கயிற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வெளியே வந்தபோது லாரியின் பின்பக்கம்தான் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போதும் எப்போதாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, மடங்காத அந்தக் கையைத் தடவிக்கொண்டே கேட்பார்.

"அந்தக் கயிறு இன்னும் இருக்குமா ளா?"

"இருக்கும்" என்பேன்.

என் பீரோவில் சேலைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. மெஷின் எங்கே இருக்கிறதோ, யார் கை அதன் மேல் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.